வேளச்சேரி

வேளச்சேரி சென்னையின் தென்பகுதியில், கிண்டிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் இடையில் உள்ள குடியிருப்புப் பகுதி. ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், தரமணி ஆகியவை அண்டை ஊர்கள். முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உழவர் கிராமமாக இருந்தது.

சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வூரை வெளிச்சேரி என்று குறிக்கின்றன. வெளி என்பது திறந்த வயற்பரப்பு. சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம். சேரி என்ற சொல்லுக்கு இன்றுள்ள குறுகிய பொருள் பின்னால் வந்தது. நான்கு வேதங்களும் இங்கே சிவனை வழிபட்டதால் வேதசிரேணி என்ற பெயர் உண்டாகி, அதுவே வேளச்சேரி ஆனது என்று தலபுராணம் சொல்லும். ஊர்ப்பெயரை வடமொழியாக்கி அதற்கு ஒரு கதையும் சேர்ப்பது தலபுராணங்களின் வழக்கம். கல்லில் உள்ள வடிவமே மூலப்பெயர்.

ஊரின் பழமைக்குச் சான்றாக நிற்பவை தண்டீசுவரர் கோயிலும் செல்லியம்மன் கோயிலும். எமன் தான் இழந்த தண்டத்தை இறைவனிடம் திரும்பப் பெற்ற தலம் என்பதால் தண்டீசுவரர் என்ற பெயர்; அம்மன் கருணாம்பிகை. செல்லியம்மன் கோயில் அளவில் சிறியது. ஆயினும் அங்குள்ள ஏழு கன்னியர் சிற்பங்களும் கல்வெட்டுகளும் வரலாற்று ஆய்வாளருக்குப் பெரிய கோயில்கள் தராத செல்வம். இக்கல்வெட்டுகளின் வழியே புலியூர்க் கோட்டம் என்ற பழைய நாட்டுப் பிரிவைச் சேர்ந்த ஓர் ஊரை நாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பாலும் அடையாளம் காண முடிகிறது.

ஊரை வாழவைத்தது ஏரி. தொண்டை மண்டலத்தில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கரை கட்டித் தேக்கினால்தான் நெல் விளையும். தேங்கிய நீரை மதகின் வழியே வயலுக்கு விடுவார்கள். மிகுந்தது கலங்கல் வழியே வழிந்து அடுத்த தாழ்நிலத்துக்குப் போகும். வேளச்சேரி ஏரியில் மிகுந்த நீர் பள்ளிக்கரணைச் சதுப்பைச் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் அருகே கடலில் கலந்தது. கழனியின் எல்லையும் ஊரின் எல்லையும் இந்த நீரோட்டத்தை ஒட்டி அமைந்தவை. இதை அறியாமல் வேளச்சேரியின் நில அமைப்பைப் புரிந்துகொள்ள இயலாது.

சென்னை தெற்கு நோக்கிப் பெருகியபோது கழனிகள் மனைகளாயின. விஜயநகர், தண்டீசுவரம் நகர், ராம் நகர் எனப் புதிய நகர்கள் எழுந்தன. ஒரு காலத்தில் சுமார் 265 ஏக்கர் இருந்த ஏரி சுமார் 55 ஏக்கராகச் சுருங்கியது. தனியார் ஆக்கிரமிப்பை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. அரசின் வீட்டுவசதித் திட்டத்துக்கும் ஏரி நிலம் போயிற்று. நீர் வடிய வேண்டிய வழிகளில் வீடுகள் எழுந்ததால், 2015 டிசம்பர் பெருமழையில் பல தெருக்கள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தன.

பறக்கும் ரயில் 2007-இல் இங்கு வந்தது. அதன் நிலையம் சதுப்பின் ஓரத்தில் உள்ளது. 2011 முதல் வேளச்சேரி என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி உண்டு. வணிக வளாகங்களும், தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் வாழும் அடுக்ககங்களும் மிகுதி.