ஒரு வாசகம் உலகைச் சுற்றிய வரலாறு



சொல்லுக்குக் கால் இல்லை; ஆயினும் அது மலை கடந்து செல்கின்றது. முதலிற் சொன்னவர் யார் என்று அறியாமலே நாம் நாள்தோறும் பல தொடர்களை எடுத்தாளுகின்றோம். பழமொழிகள் அவ்வாறு வந்தவையே. முதுமொழியின் இயல்பைக் கூறவந்த தொல்காப்பியர், நுட்பம், சுருக்கம், தெளிவு ஆகியவற்றை அதற்கு உரியனவாக வகுத்தார். இன்று இளைஞர் 'மீம்' என்று வழங்கும் இணைய நகைத்தொடருக்கும் அவற்றுள் சுருக்கம் இன்றியமையாதது. அத்தகைய தொடர் எவ்வாறு பிறந்து பரவுகின்றது என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் காண்போம்.

'மீம்' என்னும் சொல் இணையத்தில் பிறந்ததன்று. உயிரியல் அறிஞர் ரிச்சர்டு டாக்கின்ஸ் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் அதனை ஆக்கினார். 'போலச் செய்தல்' என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து அதனை அமைத்துக்கொண்டார். பெற்றோரின் இயல்பு மரபணு வழியே பிள்ளைக்குச் செல்வது போல, ஒரு பாட்டோ கருத்தோ வழக்கமோ ஒருவர் உள்ளத்திலிருந்து மற்றவர் உள்ளத்திற்குப் படியெடுக்கப்பட்டுச் செல்கின்றது என்பது அவர் கருத்து.

முதல் எடுத்துக்காட்டு ஜப்பானில் பிறந்தது. டோவாபிளான் என்னும் நிறுவனம் 1989இல் 'ஜீரோ விங்' என்ற விண்வெளிப் போர் விளையாட்டை வெளியிட்டது. வீட்டில் ஆடும் மெகா டிரைவ் கருவிக்காக அதனைப் பின்னர் மாற்றியமைத்தபோது, கதை கூறும் முன்னுரைக் காட்சி ஒன்றைச் சேர்த்தார்கள். அதிலே கேட்ஸ் என்னும் பகைவன் தோன்றி, 'உங்கள் தளங்கள் அனைத்தையும் யாம் கைக்கொண்டோம்' என்னும் கருத்துப்பட எள்ளலாகப் பேசுகின்றான். ஜப்பானிய மூலத்தில் அப்பேச்சு பிழையற்றது. ஐரோப்பியப் பதிப்புக்காக ஆங்கிலமாக்கியபோதோ, 'ஆல் யுவர் பேஸ் ஆர் பிலாங் டு அஸ்' என்று இலக்கணம் சிதைந்து நின்றது.

சில ஆண்டுகள் அதனைப் பெரிதாகக் கருதியவர் இல்லை. 1990களின் இறுதியில், பழைய விளையாட்டுகளில் ஈடுபாடுடையோர் அதனைக் கண்டெடுத்தனர். சாலைப் பலகை, கடைப் பலகை, விளம்பரத் தட்டி ஆகியவற்றின் படங்களில் எழுத்தை மாற்றி இவ்வாசகத்தைப் பொறித்தனர். 2001 பிப்ரவரியில் அப்படங்களை இசையுடன் கோத்த அசைபடம் ஒன்று உலகெங்கும் பரவியது. விளையாட்டையே காணாதவரும் அவ்வாசகத்தைச் சொன்னார்கள். அதனைத் தந்த நிறுவனமோ 1994இலேயே நொடித்துப் போயிருந்தது. தந்தை மறைந்தபின் மகன் புகழ்பெற்றது போன்ற நிகழ்ச்சி இது.

இரண்டாவது எடுத்துக்காட்டு நம்முடையது. அதே 2001ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி 'பிரெண்ட்ஸ்' என்ற தமிழ்ப்படம் வெளிவந்தது. ஜமீன் மாளிகையில் வண்ணம் பூச வந்த ஒப்பந்தக்காரர் நேசமணியாக வடிவேலு நடித்தார். அவர் தலைமேல் சுத்தியல் விழும் காட்சி மக்கள் நெஞ்சில் நிலைத்தது. அக்காட்சியும் முதலிற் தமிழுக்கு உரியதன்று. இயக்குநர் சித்திக் 1999இல் மலையாளத்தில் எடுத்த படத்திலிருந்து வந்தது அது. வால்பாறையில் வாழ்வோர்க்கு இஃது புதுமையாகத் தோன்றாது. ஒருபுறம் நாற்பது கொண்டையூசி வளைவுகள் இறங்கிப் பொள்ளாச்சிச் சீமையை அடைகின்றன. மறுபுறம் மலைச்சாலை மழுக்குப்பாறை வழியே சாலக்குடிக்குச் செல்கின்றது. தேயிலைத் தோட்டங்களில் தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கின்றன. இருமொழிச் சொற்களும் ஒன்றினின்று ஒன்றுக்குத் தாவுதல் அங்கே அன்றாட நிகழ்ச்சி.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்து, 2019 மே மாத இறுதியில், கட்டடப் பொறியியல் பயில்வோர்க்கான முகநூல் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தை இட்டு, 'உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன?' என்று வினவியது. தமிழர் ஒருவர் பெயரைக் கூறியதோடு, ஒப்பந்தக்காரர் நேசமணியின் மண்டை இதனால் உடைந்தது என்றும் எழுதினார். அவர் நலமா என்று மற்றொருவர் கேட்டார். அவ்வளவே! நேசமணிக்காக இறைவனை வேண்டுமாறு கூறும் தொடர் ட்விட்டரில் முன்வரிசைக்கு ஏறியது. நாட்டின் பிரதமர் பதவியேற்ற மே 30ஆம் நாளிலும் அப்பெயரே பலர் நாவில் இருந்தது. உண்மை விபத்தோ என்று மயங்கிய வேற்று மொழியினரும் உண்டு.

இவ்விரண்டிற்கும் பொதுவானவை யாவை? தொடர் குறுகியதாக இருத்தல் ஒன்று. பிறந்த இடத்தினின்று பெயர்த்து வேறிடத்தில் பொருத்தத் தக்கதாக இருத்தல் இரண்டு. அறிந்தோர் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளும் அடையாளமாக நிற்றல் மூன்று. 1952இல் 'பராசக்தி' வெளிவந்தபோது அதன் வசனங்களை இளைஞர் மனப்பாடம் செய்து ஒப்பித்தனர். அன்று ஓரெழுத்தும் மாறாமல் சொல்வதே திறமை; இன்றோ மாற்றிச் சொல்வதே திறமை. அச்சும் இசைத்தட்டும் காத்துக் கொடுத்தன. கணினியோ யாவரையும் திருத்தி எழுதுவோராக்கிற்று. வரலாற்று மாணவர் உற்றுநோக்க வேண்டிய வேறுபாடு இது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. நேசமணியை எண்ணிச் சிரித்தோம். அச்சிரிப்பால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. ஜீரோ விங்கின் வாசகத்திற்குச் சிரித்தபோதோ, அயல்மொழியில் தடுமாறிய மொழிபெயர்ப்பாளரின் பிழைக்கும் சேர்த்தே சிரித்தது உலகம். பலர் அன்போடு சிரித்தனர் என்பதும் உண்மை. ஆயினும், நகைத்தவர்களுள் எத்தனை பேர் ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் பிழையின்றி எழுதவல்லார்?

இக்கேள்வி எனக்குப் பெரிதாகப் படுவதற்குக் காரணம் உண்டு. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை, வீட்டிலே கேட்டறியாத ஆங்கிலத்தில் வகுப்பிலே எழுந்து பேசத் துணிகின்றது. ஒரு சொல் பிறழ்கின்றது. பின்வரிசையில் சிரிப்பு எழுகின்றது. அன்று உட்கார்ந்த பிள்ளை மீண்டும் எழுந்து பேச நெடுங்காலம் ஆகும். இன்று அச்சிரிப்பு நான்கு சுவர்களுக்குள் நிற்பதில்லை. படமாகிக் கைப்பேசிதோறும் செல்கின்றது. நிறுவனம் மறைந்த பின்னும் அதன் பிழை மறையாததைக் கண்டோம். பிள்ளையின் பிழைக்கு மட்டும் உலகம் விலக்கு அளிக்குமா?

ஆகவே, நண்பர்களே, நகைச்சுவையை வெறுக்க வேண்டா. அது வாழ்வின் உப்பு. ஒரு தொடரை மற்றவர்க்கு அனுப்புமுன் மூன்று வினாக்களை மட்டும் உங்களையே கேளுங்கள். இது எங்கிருந்து வந்தது? இதனை மாற்றியவர் யார்? இதனால் தலைகுனிபவர் எவரேனும் உண்டா? முதலிரண்டும் வரலாற்று மாணவர்க்குரிய வினாக்கள். மூன்றாவது மனிதர் எல்லார்க்கும் உரியது.