குத்தூசியும் கெர்னலும்: கணினி நினைவகத்தை மாதிரி பார்த்த கதை

சேலம் ஜங்ஷனில் இறங்கி, சூரமங்கலத்தைத் தாண்டினால் ஜாகிர் அம்மாபாளையம். சேகோசர்வ் அங்கேதான் இருக்கிறது. 1981-ல் தொடங்கிய கூட்டுறவு சங்கம். சுற்றுவட்டார சேகோ ஃபேக்டரிகளில் குச்சிக்கிழங்கிலிருந்து (புத்தகத் தமிழில் மரவள்ளி) எடுத்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் இங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வாங்க வருகிற வியாபாரி எல்லா மூட்டையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மாதிரியைப் பார்த்தே விலை எழுதுகிறார். தானிய மண்டிகளில் இதற்கென்றே குத்தூசி என்று ஒரு கருவி உண்டு. மூட்டையின் வயிற்றில் ஒரு குத்து, உள்ளங்கையில் ஒரு பிடி, அவ்வளவுதான். நூறு மூட்டைக்கு விலை முடிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெர்னல் என்ற மென்பொருளுக்கும் இதே வேலை உண்டு. அது இந்தக் குத்தூசியைக் கையில் எடுக்க நாற்பது வருடம் ஆனது. அந்த நாற்பது வருடக் கதையும் அதற்குப் பிந்தைய கதையும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பிரச்சினை என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஒரு புரோகிராம் ஓடும்போது அதற்கு நினைவகம் (ராம்) தேவை. கெர்னல் இந்த நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கும். இன்றைய கணினிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் 4 கிலோபைட். புரோகிராம்கள் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி, தேவைக்கு மேலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். எவ்வளவு வாங்கியது என்பது கெர்னலின் பேரேட்டில் இருக்கிறது. அதில் எவ்வளவைத் தொட்டுப் பயன்படுத்துகிறது என்பதுதான் தெரியாது. இடம் போதாமல் போகும்போது யாரிடமிருந்து எந்தப் பக்கத்தைப் பிடுங்குவது? தப்பான பக்கத்தைப் பிடுங்கினால் அடுத்த நொடியே அது திரும்பத் தேவைப்படும். டிஸ்க்கிலிருந்து மறுபடி கொண்டுவர வேண்டும். மொத்த கணினியும் ஆமை வேகத்தில் நகரும்.

இந்தக் கேள்வியை முதலில் சந்தித்தவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள். டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் கணினி 1962 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அதில் வேகமான நினைவகம் 32 பக்கங்கள்தான், பக்கத்துக்கு 512 சொற்கள். மீதியெல்லாம் சுழலும் காந்த உருளையில். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'தொடப்பட்டது' என்று காட்டும் ஒரு பிட் வைத்தார்கள். 1024 கட்டளைகளுக்கு ஒருமுறை 32 பிட்டுகளையும் படித்துக் குறித்துக்கொண்டு அழித்துவிடுவார்கள். அடுத்த முறை பார்க்கும்போது எது மறுபடி எரிகிறதோ அது பயன்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். காலத்தை மட்டும் இடைவெளி விட்டுப் பார்த்தார்கள், பக்கங்களை ஒன்று விடாமல் பார்த்தார்கள். 32 பேர் உள்ள வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது பெரிய வேலையா என்ன?

1968-ல் பீட்டர் டென்னிங் 'ஒர்க்கிங் செட்' என்ற கருத்தை எழுதினார். கடைசி இவ்வளவு நேரத்துக்குள் ஒரு புரோகிராம் தொட்ட பக்கங்கள் எவையோ, அவையே அதன் உண்மையான தேவை. அந்த அளவுக்கு இடம் கொடு, கொடுக்க முடியாவிட்டால் புரோகிராமை ஓடவிடாதே என்றார். அழகான கருத்து. ஆனால் அதைச் சரியாக அளக்க, எந்தப் பக்கம் எப்போது தொடப்பட்டது என்பதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். அந்தக் கவனிப்புக்கும் செலவு உண்டு. வேலை செய்பவரைவிட மேற்பார்வையாளருக்கு அதிகச் சம்பளம் என்றால் எந்தக் கம்பெனி தாங்கும்?

தமிழ்நாட்டுக்கு இந்தக் காலகட்டத்தில் வந்த பெரிய கணினி சென்னை ஐஐடியின் ஐபிஎம் 370/155. ஜெர்மனியின் உதவியுடன் 1973-ல் நிறுவப்பட்டது. இதில் ஒரு சின்ன வேடிக்கை. 370 வரிசையின் முதல் மாடல்களை 1970-ல் அறிவித்தபோது மெய்நிகர் நினைவகம், அதாவது இருப்பதைவிட அதிக நினைவகம் இருப்பதாகக் காட்டும் வசதி, அவற்றில் கிடையாது. 1972-ல்தான் ஐபிஎம் அதை அறிவித்தது. 155 வைத்திருந்தவர்கள் தனிப் பெட்டி வாங்கிப் பொருத்தினால்தான் அந்த வசதி. வண்டி வாங்கிய பிறகு ஸ்டெப்னிக்குத் தனி பில் போட்ட கதைதான்!

அடுத்த திருப்பம் அமெரிக்காவில் பெர்க்லியில். வாக்ஸ் என்ற கணினி பிரபலமாக இருந்தது, ஆனால் அதில் 'தொடப்பட்டது' பிட்டே இல்லை. ஓசல்ப் பாபாவ்லு, பில் ஜாய் இருவரும் ஒரு தந்திரம் செய்தார்கள் (1981-ல் இதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்கள்). பக்கம் இருக்கும்போதே 'இல்லை' என்று பொய்யாகக் குறித்து வைத்துவிடுவது. புரோகிராம் அதைத் தொட்டதும் தவறு நேர்ந்ததாகக் கெர்னலிடம் புகார் வரும். 'ஓஹோ, இது தேவைப்படுகிற பக்கம்' என்று கெர்னல் தெரிந்துகொண்டு, குறியைச் சரி செய்துவிடும். கதவைச் சும்மா சாத்தி வைத்து, யார் தட்டுகிறார்கள் என்று பார்ப்பது போல. இந்தத் தந்திரம் பின்னால் மறுபடி வருகிறது.

இதற்குள் நினைவகம் வளர்ந்துகொண்டே போனது. 16 ஜிபி நினைவகத்தில் 41,94,304 பக்கங்கள். 1 டெராபைட் சர்வரில் 26,84,35,456 பக்கங்கள். அட்லஸின் 32 பக்க அட்டெண்டன்ஸ் இங்கே செல்லாது.

இந்த இடத்தில் கதை கொஞ்சம் கல்கத்தா பக்கம் போக வேண்டும். 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஏற்படுத்திய மஹலனோபிஸ், 1937-ல் வங்காளத்தின் சணல் பயிர்ப் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடத் தொடங்கினார். எல்லா வயலையும் அளக்க வேண்டியதில்லை. தற்செயலாகத் தேர்ந்தெடுத்த சில கட்டங்களை அளந்தால் போதும், எவ்வளவு பிழை வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல முடியும் என்பது அவர் வாதம். முதலில் சிறிய அளவில் ஒரு சோதனைக் கணக்கெடுப்பு, அதில் தெரிந்த செலவையும் பிழையையும் வைத்துப் பெரிய கணக்கெடுப்பைத் திட்டமிடுவது என்ற முறையும் அவருடையது. 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினியான ஹெச்இசி-2எம், 1950களின் நடுவில் வந்து சேர்ந்ததும் இதே நிறுவனத்துக்குத்தான். அதன் மொத்த நினைவகம் 1024 சொற்கள் கொண்ட காந்த உருளை! மாதிரி பார்க்கும் கலையும் கணினியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன, ஆனால் அப்போது கணினியின் நினைவகத்தையே மாதிரி பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

அந்த அவசியம் வந்தது விஎம்வேர் நிறுவனத்துக்கு. ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அவர்களது இஎஸ்எக்ஸ் சர்வருக்கு, உள்ளே ஓடும் ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகத்தை நிஜமாகப் பயன்படுத்துகிறது என்று தெரிய வேண்டும். கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-ல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு வழி சொன்னார். ஒவ்வொரு 30 வினாடிக்கும் தற்செயலாக 100 பக்கங்களைத் தேர்ந்தெடு. பெர்க்லி தந்திரத்தின்படி அவற்றின் கதவைச் சாத்து. எத்தனை தட்டப்படுகின்றன என்று எண்ணு. 30 தட்டப்பட்டால் 30 சதவீதம் பயன்பாட்டில் இருக்கிறது. நூறே நூறு பக்கம்!

நம்ப முடியாததாகத் தோன்றும். ஆனால் மாதிரியின் பிழை முக்கியமாக மாதிரியின் அளவைப் பொறுத்தது, மொத்தத்தின் அளவைப் பொறுத்தது அல்ல. உண்மை 30 சதவீதம் என்றால் 100 பக்க மாதிரியில் திட்டப்பிழை சுமார் 4.6 புள்ளிகள். நினைவகம் 1 ஜிபி ஆனாலும் 1 டெராபைட் ஆனாலும் அதேதான். ஆடிட்டர்கள் எல்லா வவுச்சரையும் பார்க்காமல் டெஸ்ட் செக் செய்வதற்கும் அடிப்படை இதுவே.

வால்ட்ஸ்பர்கர் செய்த இன்னொரு விஷயம் காமர்ஸ் படித்தவர்களுக்கு உடனே பிடிக்கும். மெதுவாக மாறும் சராசரி, வேகமாக மாறும் சராசரி, நடந்துகொண்டிருக்கும் முப்பது வினாடியையும் சேர்த்த சராசரி என்று மூன்று கணக்கு வைத்து, அவற்றில் எது அதிகமோ அதையே எடுத்துக்கொண்டார். தேவை கூடினால் உடனே ஒப்புக்கொள்வது, குறைந்தால் நிதானமாக நம்புவது. கணக்குப்பதிவியலில் நஷ்டத்தை வரும் முன்பே எழுது, லாபத்தை வந்த பின் எழுது என்கிறார்களே, அதே புத்தி. சும்மா கிடக்கும் பக்கங்களுக்கு அவர் 'வரி'யும் போட்டார். 75 சதவீத வரி. அதன்படி சும்மா வைத்திருக்கும் பக்கம், பயன்படுத்தும் பக்கத்தைவிட நான்கு மடங்கு செலவாகக் கணக்கில் ஏறும். இடம் தேவைப்படும்போது அப்படி அடைத்து வைத்திருப்பவரிடமிருந்துதான் முதலில் பறிக்கப்படும்.

லினக்ஸ் பக்கம் வரலாம். இங்கே இந்தியர்களின் பங்கு பெரிது. ஐபிஎம்மின் இந்திய லினக்ஸ் குழுவைச் சேர்ந்த பல்பீர் சிங்கும் வைத்தியநாதன் ஸ்ரீனிவாசனும் 2007-ல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் நினைவகக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றிக் கட்டுரை வழங்கினார்கள். அந்தக் கருவி 2008-ல் வந்த 2.6.25 பதிப்பில் சேர்ந்தது. புரோகிராம்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் பெயரிலும் நினைவகத்தைப் பற்று எழுதி, உச்சவரம்பு வைப்பது இதன் வேலை. பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் பக்கத்தை யார் கணக்கில் எழுதுவது? முதலில் தொட்டவர் கணக்கில்! காஸ்ட் அக்கவுண்டிங்கில் பொதுச் செலவைப் பங்கிட மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இந்த முடிவைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். நியாயமில்லைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் பங்கு பிரிப்பது இதைவிடச் செலவு. ஆக, யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பதற்குப் பேரேடு வந்துவிட்டது. அதில் எவ்வளவு சும்மா கிடக்கிறது என்பது மட்டும் பாக்கி.

கூகுள் தன் சர்வர்களில் எல்லாப் பக்கங்களையும் 120 வினாடிக்கு ஒருமுறை சுற்றிப் பார்க்கும் முறையை வைத்திருந்தது. சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு அருகே நினைவகம் இரண்டு நிமிடம் தொடப்படாமலே கிடந்தது என்று 2019-ல் அவர்கள் எழுதினார்கள். விலை கொடுத்து வாங்கி, கரண்ட் கொடுத்து வைத்திருக்கும் சரக்கில் மூன்றில் ஒன்று டெட் ஸ்டாக்! அதே மாதிரி, 2015-ல் லினக்ஸ் 4.3-ல் விளாதிமிர் டேவிடோவ் சேர்த்த வசதியும் பக்கம் பக்கமாகப் பார்ப்பதுதான். நினைவகம் பெருகப் பெருக இந்தச் செலவும் பெருகும்.

குத்தூசியை லினக்ஸ் கெர்னலுக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் கொரியாவைச் சேர்ந்த சியோங்ஜே பார்க். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாகத் தொடங்கி, அமேசானில் பணிபுரிந்தபோது 2020-ல் லினக்ஸ் குழுவுக்கு அனுப்பினார். விவாதங்கள், திருத்தங்கள் எல்லாம் முடிந்து 2021 அக்டோபர் 31-ல் வெளியான 5.15 பதிப்பில் 'டேமன்' என்ற பெயரில் இடம் பிடித்தது.

டேமன் நினைவகத்தைப் பக்கங்களாகப் பார்க்காமல் பகுதிகளாகப் பார்க்கிறது. ஒரு பகுதியில் உள்ள பக்கங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி பயன்படுத்தப்படும் என்பது அதன் ஊகம். எனவே பகுதிக்கு ஒரு பக்கத்தைத் தற்செயலாக எடுத்து, அதன் பிட்டை அழித்து, 5 மில்லி வினாடி கழித்துப் பார்க்கிறது. இப்படி 20 முறை பார்த்து, 100 மில்லி வினாடிக்கு ஒருமுறை தொகுக்கிறது. பிறகுதான் சாமர்த்தியம். அக்கம்பக்கப் பகுதிகளின் எண்ணிக்கை ஒத்துப்போனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடும். பிறகு பகுதிகளைத் தற்செயலான இடத்தில் வெட்டிப் பார்க்கும். வெட்டிய துண்டுகள் வேறு வேறாக நடந்துகொண்டால் பிரிவு நிலைக்கும், இல்லாவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வித்தியாசம் உள்ள இடத்தில் நெருக்கமாகவும் இல்லாத இடத்தில் அகலமாகவும் குத்துகிற ஊசி. சோதனை பார்த்து அடுத்த கணக்கெடுப்பைத் திட்டமிட்ட மஹலனோபிஸின் வழிக்கு இது தூரத்துச் சொந்தம்.

முக்கியமான விஷயம், பகுதிகளுக்கு உச்சவரம்பு உண்டு. இயல்பான அமைப்பில் 1000. நினைவகம் எவ்வளவு பெரியதானாலும் ஒரு சுற்றில் ஆயிரத்துக்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. மேற்பார்வைச் செலவு இவ்வளவுதான் என்று பட்ஜெட் போட்டுவிடலாம். அடுத்த பதிப்பான 5.16-ல், இந்தத் தகவலை வைத்துச் சும்மா கிடக்கும் பக்கங்களை முன்கூட்டியே விடுவிக்கும் வசதியும் வந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஊகம் பொய்த்தால் கணக்கும் பொய்க்கும். இது புரிய ஊர்ப்பக்கமே உதாரணம் இருக்கிறது. 2016-ல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில், பெரும்பாலான இழப்பு பயிர் அறுவடைப் பரிசோதனையால் முடிவாகிறது. கிராமத்தில் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த சில வயல்களில் சிறு கட்டம் அளந்து அறுத்து, எடை போட்டு, அந்தச் சராசரியை எல்லோருக்கும் பொருத்துவார்கள். ஊரெல்லாம் விளைந்து ஒருவர் வயல் மட்டும் காய்ந்திருந்தால் சராசரியில் அவர் காணாமல் போவார். டேமனிலும் அப்படித்தான். ஆறிக் கிடக்கும் பெரிய பகுதியின் நடுவே அடிக்கடி தேவைப்படும் ஒற்றைப் பக்கம் இருந்தால், ஊசி அதில் விழாமலே போகலாம். 'இந்தப் பகுதி சும்மா கிடக்கிறது' என்று முடிவாகி, அதுவும் சேர்ந்து வெளியேற்றப்படும். புரோகிராமின் பார்வையில் அடுத்தடுத்து இருக்கும் பக்கங்கள் நிஜ நினைவகத்தில் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடப்பதால், நிஜ முகவரிகளை வைத்துப் பார்க்கும்போது இந்தத் தொல்லை அதிகம்.

இதற்கு மாற்றாக, பிராசசரையே மாதிரி எடுக்கச் சொல்லும் வழியும் இருக்கிறது. இத்தனை கட்டளைக்கு ஒன்று என்று பிடித்து, அது எந்த முகவரியைத் தொட்டது என்று வன்பொருளே எழுதிக் கொடுக்கும். இந்த ஊசி தூங்கும் பக்கங்களில் குத்தி நேரத்தை வீணாக்காது, நடமாட்டம் உள்ள இடத்தில் மட்டுமே விழும். ஏஎம்டி பிராசசர்களில் உள்ள இந்த வசதியை லினக்ஸின் பக்க இடமாற்றத்துக்குப் பயன்படுத்தும் முன்மொழிவை 2023-ல் அனுப்பியவர் அந்நிறுவனத்தின் பரத ராவ். பல வழிகளில் கிடைக்கும் இத்தகைய தகவலை ஒரே இடத்தில் சேர்த்து முடிவெடுக்கும் முன்மொழிவையும் அவர் 2025-ல் வைத்தார். ஆனால் சும்மா கிடப்பது எது என்று தெரிய, தொடப்படாத பக்கத்தையும் யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும். வன்பொருள் தரும் பட்டியலில் அது வராது. அந்த வேலைக்கு இன்னமும் பழைய 'தொடப்பட்டது' பிட்டுதான், 1962-ல் அட்லஸில் வைத்த அதே வகைப் பிட்டு.