ஆர்மோனியமும் கட்டைக் கணக்கும்

ஆர்மோனியம், தமிழ் நாடக மேடையும் பஜனைக் கூடமும் தமதாக்கிக்கொண்ட மேலைநாட்டுக் கருவி. 1842-இல் பாரிசில் அலெக்சாந்தர் டெபேன் இந்தப் பெயரில் காப்புரிமை பெற்றார். அது காலால் மிதித்து வாசிக்கும் பெட்டி. தரையில் சம்மணமிட்டு அமர்பவர்களுக்கு ஏற்ப, பின்புறத் துருத்தியை ஒரு கையால் அசைக்கும் கைப்பெட்டியாக அதை இந்தியாவில் பரப்பியவர்களில் முதன்மையானவர் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ். துருத்திக் காற்று பித்தளை நாக்குகளை அதிரச் செய்து ஒலி எழுப்புகிறது.

ஐரோப்பாவில் கருவி மாற மாற இசை எழுதும் முறையும் மாறியது. ஹைடனும் மொசார்ட்டும் தொடக்கத்தில் ஹார்ப்சிகார்டு, கிளாவிகார்டு ஆகியவற்றை அறிந்து எழுதியவர்கள். விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி ஏறி இறங்கும் ஃபோர்ட்டெபியானோ வந்தபின் அதற்கு நகர்ந்தனர். தென்னிந்தியாவில் நிலை வேறு. பீத்தோவன் மறைந்த 1827-இலேயே மறைந்தவர் கர்நாடக இசையமைப்பாளர் சியாமா சாஸ்திரி. அவரோ, தியாகராஜரோ, முத்துசாமி தீட்சிதரோ எந்த விசைப்பலகைக்கும் இசையமைக்கவில்லை. அவர்களுக்குக் குரலும் வீணையும் போதுமானவையாக இருந்தன.

கர்நாடக இசைக் கச்சேரியில் ஆர்மோனியம் ஒட்டாததற்குக் காரணம் கமகம். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கிச் செல்லும் கமகத்தை, ஒவ்வொரு கட்டையிலும் ஒரே ஒலியை வைத்திருக்கும் பெட்டி தராது. அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் அதைத் தடைசெய்தது. 1970-களில்தான் தடை தளர்ந்தது. நாடகக்காரர்கள் கமகம் தராத இந்தக் குறையைப் பொருட்படுத்தவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் ஒலித்த மேடைகளில் ஆர்மோனியக்காரரே பின்பாட்டும் பாடினார். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் உச்சக் குரலால் பெயர் பெற்றனர்.

பாடகரின் சுருதியை அளக்கும் ‘கட்டை’ என்ற சொல்லும் இந்தப் பெட்டியின் மரக்கட்டைகளிலிருந்தே வந்தது. வெள்ளைக் கட்டைகளில் ‘ஸி’ ஒரு கட்டை, ‘டி’ இரண்டு, ‘ஜி’ ஐந்து. நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. ஏழரையும் கிடையாது, அது சனிக்கு மட்டும். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையிலும் பெண் பாடகர்கள் ஐந்து, ஐந்தரையிலும் பாடுகிறார்கள்.

மலேசியத் தமிழர்களின் கோயில் பஜனைகளிலும் ஆர்மோனியம் இடம்பெறுகிறது. கேமரன் மலையின் கோலா தெர்லா போன்ற ஈரமும் குளிரும் மிகுந்த பகுதிகளில் அதைப் பேணுவது எளிதல்ல. மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பினால், அழுத்திய கட்டை மேலெழாமல் நின்றுவிடும். விரலை எடுத்த பிறகும் அந்தச் சுரம் கேட்டுக்கொண்டே இருக்கும். மின்னணுக் கீபோர்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதை வாசிப்பவரிடமும் பாடகர் கேட்பது, “எத்தனை கட்டை?” என்றுதான்.