மணிலாவின் பொதுப்பந்தி: பான்சித்தேரியாவும் கரிந்தேரியாவும்

பிலிப்பைன்ஸ் நாட்டின் நகரங்களிலும் சந்தைகளிலும் வெளியூரார் கண்ணில் முதலில் படும் உணவகம் கரிந்தேரியா எனப்படும் எளிய சாப்பாட்டுக் கடையாகும். காலையிலேயே சமைத்து இறக்கிய குழம்பும் பொரியலும் அங்கே சட்டிகளில் வரிசையாக வைக்கப்பட்டிருக்க, உண்ண வருபவர் மூடியைத் திறந்து பார்த்து, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டிச் சோற்றுடன் வாங்கிக்கொள்வதால், தகலாகு மொழியில் அதற்குத் துரோ-துரோ, அதாவது ‘சுட்டு-சுட்டு’, என்ற பெயரும் உண்டு. அதற்கு இணையாகப் பழமை கொண்டாடுவது, பான்சித் என்னும் சீன வழி நூடுல்ஸை முதன்மையாகப் பரிமாறும் பான்சித்தேரியா. இறைச்சியை வினிகரிலும் பூண்டிலும் வேகவைக்கும் அதோபோ, புளியிட்டுக் கொதிக்கவைக்கும் சினிகாங் ஆகிய வீட்டுச் சமையல்கள் நாடெங்கும் அன்றாடம் உண்ணப்பட்டபோதும், தலைநகரின் மேசைவிரிப்பு உணவகங்களுக்குள் அவை 20ஆம் நூற்றாண்டில்தான் நுழைந்தன. அந்தத் தாமதத்தின் காரணத்தை அறிய, மணிலாவில் காசு கொடுத்து உண்ணும் வழக்கம் எவரிடமிருந்து தொடங்கியது என்பதைப் பார்க்க வேண்டும்.

1571இல் மணிலாவைத் தலைநகராக்கிய ஸ்பெயினியர், சில ஆண்டுகளுக்குள்ளாகவே அங்கு பெருகிய சீன வணிகர்களையும் கைவினைஞர்களையும் கோட்டை மதிலுக்கு வெளியே, பீரங்கி எட்டும் தொலைவில், பரியான் என்னும் தனிக் குடியிருப்பில் அமர்த்தினர். 1590இல் ஸ்பெயின் அரசருக்கு அனுப்பிய அறிக்கையில், மணிலாவின் முதல் ஆயரான டொமிங்கோ தெ சலசார், அக்குடியிருப்பில் சீனரும் உள்நாட்டவரும் உண்ணும் சாப்பாட்டுக் கடைகள் பல இருந்ததையும், ஸ்பெயினியரும் அங்கே போய் வந்ததாகத் தாம் கேள்வியுற்றதையும் எழுதியுள்ளார். சீனாவிலிருந்து வந்த கோதுமை மாவில் பரியான் ரொட்டிக்காரர்கள் குறைந்த விலைக்கு ரொட்டி சுட்டு விற்றதால், அரிசி மிகுந்த நாட்டிலும் ரொட்டி உண்ணும் பழக்கம் பரவியதை அவர் மகிழ்ச்சியுடன் குறிக்கிறார். மணிலாவின் உணவக வரலாற்றுக்கு இதைவிடத் தெளிவான தொடக்கச் சான்று தேவையில்லை: ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒருசேரச் சென்ற இடம் மூன்றாமவரின் கடையாக இருந்தது.

சீனரோடு இருந்த அந்த இணக்கம் நிலைக்கவில்லை. 1603இல் எழுந்த சீனர் கிளர்ச்சி ஏறத்தாழ 20,000 பேரின் படுகொலையில் முடிந்தது. நகரின் உயர் நீதிமன்ற அதிகாரியாக இருந்த அந்தோனியோ தெ மோர்கா 1609இல் மெக்சிகோவில் வெளியிட்ட வரலாற்று நூலில், அப்போருக்குப் பின் கைத்தொழில் செய்யவும் உணவுப்பொருள் கொண்டுவரவும் சீனர் இல்லாமையால், எவ்வளவு விலை கொடுத்தாலும் உணவும் காலணியும் கிடைக்காமல் நகரம் திண்டாடியதைப் பதிவு செய்கிறார். தன் வயிற்றுக்கு எவரை நம்பியிருக்கிறோம் என்பதை அவர்களைக் கொன்ற பிறகே அந்நகரம் உணர்ந்தது என்பது வேதனைக்குரிய உண்மை. சில ஆண்டுகளிலேயே பரியான் மீண்டும் நிறைந்தது.

அதே நூலில் மோர்கா, உள்நாட்டவர் நாற்றமெடுக்கத் தொடங்கிய உப்பு மீனை விரும்பி உண்பதாகவும் எழுதினார். 1890இல் அந்நூலைத் தம் குறிப்புகளுடன் பாரிஸில் மறுபதிப்புச் செய்த பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால், அது பகோங் எனப்படும், உப்பிட்டுப் பக்குவப்படுத்திய மீன் தொடுகறி என்றும், அழுகிய பண்டமன்று என்றும் மறுத்துரைத்தார். தம் மக்களின் உணவை இழித்துரைத்ததைப் பொறுக்காமல் ஒரு வரலாற்று நூலின் அடிக்குறிப்பில் அவர் எழுதிய அந்த மறுப்பு, பிலிப்பைன்ஸ் தேசியத்தின் தொடக்கக் குரல்களுள் ஒன்றாக மதிக்கத்தக்கது.

19ஆம் நூற்றாண்டில், மதம் மாறிய சீனருக்காக 1594இல் நிறுவப்பட்ட பினொண்டோ, மணிலாவின் வணிக மையமாக வளர்ந்தபோது, பான்சித்தேரியாக்கள் அங்கே வேரூன்றின. சமைத்தவர் சீனராகவும் அரசு மொழி ஸ்பானியமாகவும் இருந்தமையால், உணவுப் பட்டியல் ஒரு விந்தையான கலப்பாக அமைந்தது. மாவில் தோய்த்துப் பொரித்த இறால் கமரோன் ரெபோசாதோ என்றும், வறுத்த சோறு மொரிஸ்கெத்தா தோஸ்தாதா என்றும் எழுதப்பட்டன, அப்பெயர்கள் பழைய கடைகளில் இன்றும் மறையவில்லை. ரிசால் 1891இல் வெளியிட்ட ‘எல் பிலிபுஸ்டெரிஸ்மோ’ நாவலில், ஸ்பானிய மொழிக் கல்விக்கூடம் கேட்டு ஏமாற்றமடைந்த மாணவர்கள் ஒரு பான்சித்தேரியாவில் விருந்துண்கிறார்கள். நண்டுப் பண்டத்தைத் துறவியருக்கும், வதக்கிய பான்சித்தை அரசுக்கும் நாட்டுக்குமாகக் காணிக்கையாக்கி அவர்கள் பேசும் கசந்த கேலி, மறுநாள் நகரில் காணப்பட்ட எதிர்ப்புச் சுவரொட்டிகளோடு சேர்த்துப் பார்க்கப்பட்டு, கைதுகளில் முடிகிறது. அரசியல் பேசக் கூடுமிடமாக ரிசால் ஒரு நூடுல்ஸ் கடையைத் தேர்ந்தது தற்செயலன்று. படித்த இளைஞர் கைக்காசுக்குள் ஒன்றுகூடி மனம்விட்டுப் பேசக்கூடிய மேசை அங்குதான் கிடைத்தது.

ஆயினும் உள்ளூர் உணவு எதுவும் அரசு விருந்தின் மரியாதைக்குரியதாகக் கருதப்படவில்லை. 1898 செப்டம்பர் 29 அன்று, ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றதாகச் செய்த பிரகடனம் உறுதி செய்யப்பட்டதைக் கொண்டாட மலோலோஸ் நகரில் புரட்சித் தலைவர் அகினால்டோவின் அரசு அளித்த விருந்தின் பட்டியல் முழுவதும் பிரெஞ்சு மொழியில் அச்சிடப்பட்டிருந்தது. சிப்பியும் ஆட்டிறைச்சித் துண்டுகளும் டிரஃபிள் என்னும் நிலத்தடிக் காளான் செறித்த வான்கோழியும் பரிமாறப்பட்ட அவ்விருந்தில் ‘தகலாகு முறை’, ‘மணிலா முறை’ என்ற அடைமொழிகள் மட்டுமே மண்ணை நினைவூட்டின. உருவாகிக்கொண்டிருந்த அக்குடியரசு ஐரோப்பாவுக்குத் தன் தகுதியை மெய்ப்பிக்க விரும்பியது இயல்பே. எனினும், அதன் படைவீரர்கள் உண்ட சோறும் உப்பு மீனும் அந்த மேசையில் இடம்பெறாமல் போனதைக் கவனிக்காமல் கடக்க இயலாது.

வீட்டுச் சமையலுக்குப் பொதுவெளியில் இடம் கொடுத்தவை சந்தை முனைகளிலும் சாலையோரங்களிலும் வண்டிக்காரருக்கும் வணிகருக்கும் சோறிட்ட கரிந்தேரியாக்களே. இவற்றின் பெயரையும், வேர்க்கடலைச் சாற்றில் மாட்டு வாலை வேகவைக்கும் கரே-கரே என்னும் குழம்பையும் தமிழ்க் ‘கறி’யோடு இணைக்கும் வழக்கு ஒன்று உண்டு. 1762 அக்டோபரில் மணிலாவைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் படை சென்னையிலிருந்து புறப்பட்டது என்பதும், 1764இல் அது வெளியேறியபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் படையை விட்டு நீங்கி மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கயிந்தாவில் குடியேறினர் என்பதும் வரலாறு. கரே-கரே அவர்கள் அடுப்பில் பிறந்தது என்பது மட்டும் செவிவழிச் செய்தியின் அளவிலேயே நிற்கிறது.

ஸ்பெயினை அடுத்து வந்த அமெரிக்க ஆட்சியில், 1901 ஆகஸ்டில் தாமஸ் என்னும் கப்பலில் வந்திறங்கிய ஏறத்தாழ 500 ஆசிரியர்களோடு விரிவடைந்த பொதுப் பள்ளிக் கல்வி, மனையியல் பாடத்தின் வழியே அமெரிக்கச் சமையலையும் மேசை ஒழுக்கத்தையும் கொண்டுவந்தது. கமாயன் எனப்படும் கையால் உண்ணும் முறை நாகரிகக் குறைவாகக் கருதப்பட்டு, வலக்கையில் கரண்டியும் இடக்கையில் முள்கரண்டியும் பிடிக்கும் இன்றைய வழக்கம் வலுப்பெற்றது. இந்தச் சூழலில்தான் அசியாங் ரேயெஸ் என்ற பெண்மணி, 1936இல் லுனெத்தா திடலருகே வண்டியொன்றில் தொடங்கிய சிற்றுண்டிக் கடையில், அதோபோவை ரொட்டிக்குள் வைத்து விற்றார். அரிஸ்டோகிராட் என்ற பெயரில் கடற்கரைச் சாலையில் பெரிய உணவகமாக அது வளர்ந்தபோது, வீட்டில் உண்பதையே வெளியில் காசு கொடுத்து உண்பதில் இழிவில்லை என்ற எண்ணம் நடுத்தர வர்க்கத்திடம் பரவியது.

உணவு வரலாற்றாசிரியர் டோரீன் பெர்னாண்டஸ் (1934–2002), அயல் உணவுகள் எவ்வாறு உள்ளூர்த் தன்மை பெற்றன என்பதை விளக்கும்போது சாவ்சாவனைச் சுட்டுகிறார். வினிகர், மீன் சாறு, கலமன்சி என்னும் சிறு எலுமிச்சை, மிளகாய், பகோங் ஆகியவற்றை உண்பவரே தம் சுவைக்கேற்பக் கலந்து தொட்டுக்கொள்ளும் வழக்கம் அது. சமைத்தவர் முடித்ததை உண்பவர் தம் கையால் மாற்றிக்கொள்ளும் உரிமை இதில் அடங்கியிருப்பதால், சீனர் கடையிலும் ஸ்பானியப் பெயருடைய தட்டிலும் இறுதிச் சுவை உள்ளூராரின் வசமே இருந்தது. மேசையில் தரப்படும் வினிகரை ஒதுக்கிவிட்டு உண்ணும் பயணி பாதி உணவைத்தான் சுவைக்கிறார் எனலாம்.

வெளியாரிடமிருந்து வந்ததை உள்ளூர்க் கை மாற்றிக்கொள்வதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு பம்பாங்கா மாகாணத்துச் சிசிக். துறவி தியேகோ பெர்கான்யோ 1732இல் வெளியிட்ட அகராதியில் அது, காய் நிலையிலுள்ள பப்பாளியோ கொய்யாவோ கொண்டு, உப்பு, மிளகு, பூண்டு, வினிகர் சேர்த்துச் செய்யும் புளிப்புக் கலவையாகவே இடம்பெறுகிறது. கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளம் கழித்துத் தந்த பன்றித் தலைகள் மலிவாகக் கிடைத்த ஆஞ்சலஸ் நகரில், ரயில் கடவுப்பாதை அருகே கடை வைத்திருந்த லூசியா குனானன், 1974 அளவில் அவ்விறைச்சியைச் சுட்டுப் பொடியாக நறுக்கி இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்தார். 2017இல் ஆஞ்சலஸ் நகர மன்றம் சிசிக்கைத் தன் பண்பாட்டு மரபாக அறிவித்து, அதன் செய்முறையைக் காக்கச் சட்டம் இயற்றியபோது காக்கப்பட்டது 1732இன் காய்க்கலவையன்று. ரயில் பாதையோரத்தில் உருவான இறைச்சி வகையே.