இளவேனிலும் பழந் தில்லியும்

நம் ஊர்ப் பஞ்சாங்கத்தின்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் ஆகும். தலைநகர் தில்லியிலோ அது மாசியில் வந்து, பங்குனி முடியுமுன்னரே விடைபெற்றுவிடுகிறது. மூடுபனி நீங்கி அனற்காற்று தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அச்சில வாரங்களில், முள்ளிலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துச் செம்மலர் சூடி நிற்கும். பழைய நகரை நடந்தே காண்பதற்கு இதனினும் ஏற்ற காலம் வேறில்லை.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அவர்களைக் குதுப்மினாருக்கு அழைத்துச் செல்வதுண்டு. அரைமணி நேரம், ஒரு புகைப்படம், உடனே அடுத்த இடம்! அவ்வாறு விரைவோர்க்கு மினாரின் உயரமான 72.5 மீட்டர் மட்டுமே தெரியும். மெதுவாக நடப்போர்க்கோ, அதே வளாகத்தில் தமிழகத்தோடு தொடர்புடைய செய்திகள் சிலவும் புலப்படும்.

முதலில் இரும்புத் தூண். 7 மீட்டருக்கு மேல் நீளமும் 6 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட இது குப்தர் காலத்தது. வேறோர் இடத்திலிருந்து இங்குக் கொணர்ந்து நிறுத்தப்பட்டது. இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ், மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குவதே துருவேறாமைக்குக் காரணம் என்பர் ஆராய்ச்சியாளர். இதில் பொறித்துள்ள வடமொழிக் கல்வெட்டு, சந்திரன் என்னும் மன்னனுடைய வீரத்தின் மணம் தென்கடல் வரை கமழ்ந்ததாகப் புகழ்கிறது. புலவர் கூற்று எனினும், வடபுலத்து அரசனின் புகழுக்குத் தென்கடலே எல்லையாகக் கொள்ளப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

தூணைச் சூழ்ந்துள்ள பள்ளிவாசலின் தூண்களில் மணிகளும் சங்கிலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு இது கட்டப்பட்டது என்று அதன் வாயிற் கல்வெட்டே கூறுகிறது. அழித்தோர் மறைக்கவில்லை, நாமும் மறக்க வேண்டுவதில்லை.

அதன் தென்புறத்தில் நிற்பது அலாய் தர்வாசா. செந்நிறக் கல்லும் வெண்பளிங்கும் இழைத்து, வளைவின் விளிம்பில் தாமரை மொட்டுகள் வரிசையாகத் தொங்க, அலாவுதீன் கில்ஜி எழுப்பிய இவ்வாயிலின் அழகு கண்ணைவிட்டு அகலாதது. இதன் ஆண்டு 1311 என்று அறியும்போதோ தமிழர் உள்ளம் சற்றே துணுக்குறும். மாலிக் காபூர் பாண்டி நாட்டிற்குள் புகுந்து மதுரையைச் சூறையாடிய ஆண்டன்றோ அது! சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காகத் தம்முள் போரிட்டதே அப்படைக்கு வழியைத் திறந்துவிட்டது.

மதுரைப் பொன் கொண்டா இவ்வாயிலைக் கட்டினர் என்று கேட்கத் தோன்றும். அன்று. கல்வெட்டு குறிக்கும் ஹிஜ்ரி 710 ஆம் ஆண்டு 1311 மே மாதத்தோடு முடிகிறது. காபூரின் படை தில்லி திரும்பியதோ அவ்வாண்டு அக்டோபரில். சினத்தில் நாம் கூறும் வரலாற்றைவிட, நாட்களை ஒப்பிட்டுக் கூறும் வரலாறே நிலைக்கும்.

வடக்கே சில அடிகள் நடந்தால் அலாய் மினார். குதுப்மினாரைப்போல் இருமடங்கு உயர்த்த எண்ணி அலாவுதீன் தொடங்கியது இது. 1316 இல் அவர் மறைந்தார். கட்டடம் 25 மீட்டர் அளவிலேயே நின்றுவிட்டது. தென்னாட்டுச் செல்வமனைத்தும் வந்து குவிந்த பின்னரும் அடுத்த நிலை எழவில்லை. இன்று அதன் கரடுமுரடான கற்களில் கிளிகள் வந்து அமர்கின்றன.

இத்துடன் வீடு திரும்பிவிட்டால் உள்ளத்தில் கசப்பே எஞ்சும். ஆகவே, மற்றொரு நாள் நிஜாமுதீன் சந்துகளிலும் நடக்க வேண்டும். அங்குத் தம் குருவின் அருகே 1325 முதல் துயில்கிறார் கவிஞர் அமீர் குஸ்ரோ. காபூரின் படை கொணர்ந்த 512 யானைகளையும் 5,000 குதிரைகளையும் பெருமிதத்தோடு கணக்கெழுதியவர் அவரே. ஆயினும் 1318 இல் இயற்றிய ‘ஒன்பது வானங்கள்’ என்னும் பாரசீக நூலில், இந்நாட்டின் சிறப்புகளுள் ஒன்றாக அதன் மொழிகளை வரிசைப்படுத்தியபோது, ‘மாபரி’ என்று ஒரு மொழியையும் அவர் சேர்த்தார். மாபார் என்பது பாண்டி நாட்டுக் கடற்கரைக்கு அரபியர் இட்ட பெயர். அங்கு வழங்கிய மொழி நம் தமிழே!

ஒருவர் கையே கொள்ளையையும் எழுதியது, மொழியையும் போற்றியது. வசந்த பஞ்சமியை ஒட்டி அத்தர்காவில் மஞ்சள் மலர் ஏந்திப் பாடும் வழக்கம் இன்றும் உண்டு. அவ்வழக்கத்தைத் தொடங்கியவர் குஸ்ரோ என்பது மரபு.

இக்குடியிருப்பில் பிறந்து வளரும் நம் குழந்தைகள், ‘எங்கள் ஊர் எது?’ என்று வினவுகின்றனர். மதுரை என்போம்; தஞ்சை என்போம்; நெல்லை என்போம். தில்லியும் அவர்கள் ஊரே என்று சொல்லத் தயங்குகிறோம். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழரின் துயரும் தமிழின் பெயரும் இந்நகரின் ஏட்டில் ஏறிவிட்டன. இரண்டையும் அறிந்து வளரும் பிள்ளை இங்கு அயலானாக உணர வேண்டுவதில்லை.

முள்ளிலவம் பூத்திருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர்களின் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். சித்திரை பிறந்துவிட்டால் வெயில் நடக்க விடாது.