கொழும்புப் பந்தயத் திடலின் பிளென்ஹைம் விமானங்கள் (1942 ஏப்ரல் 9)

1942 ஏப்ரல் 9ஆம் நாள் முற்பகலில், பிரித்தானிய அரச வான்படையின் 11ஆம் படையணியைச் சேர்ந்த ஒன்பது பிளென்ஹைம் இலகு குண்டுவீச்சு விமானங்கள் இலங்கையின் கிழக்குக் கடலில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படையைத் தாக்கின. ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. ஒன்பதில் ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. நகுமோ தலைமையிலான அந்தக் கப்பற்படை பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய நாள் முதல் நான்கு மாதமாக எவரிடமும் அடிபடாமல் வலம் வந்தது. அதன் மீது வான்வழியாகத் தொடுக்கப்பட்ட முதல் கூட்டுத் தாக்குதல் இதுவே.

இதே நாளைப் பற்றி எழுதுவோர் திருகோணமலைத் துறைமுகக் குண்டுவீச்சையும், விமானம் மோதி எரிந்த எண்ணெய்த் தாங்கியையும், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலையும் தவறாமல் குறிப்பிடுவர். பிளென்ஹைம்களுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும்.

விமானம்

பிளென்ஹைமின் பிறப்பு விந்தையானது. பத்திரிகை அதிபர் ரொத்தர்மியர் பிரபு தமது சொந்தப் பயணத்துக்காக வேகமான விமானம் ஒன்றை பிரிஸ்டல் நிறுவனத்திடம் கேட்டார். 1935 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்த அந்த விமானம், சோதனைகளில் அன்றைய பிரித்தானியப் போர் விமானங்களையே முந்தியது. வான்படை வியந்து போய் அதையே குண்டுவீச்சு விமானமாக மாற்றித் தரக் கேட்டது. 1937 மார்ச்சில் பிளென்ஹைம் பணியில் சேர்ந்தது. எதிரியின் போர் விமானம் எட்டிப் பிடிக்க முடியாத வேகமே அதன் கவசம் என்று கருதப்பட்டது.

அந்தக் கவசம் இரண்டே ஆண்டில் கிழிந்தது. குண்டுகளும் துப்பாக்கிகளும் ஏறியபின் நான்காம் வகைப் பிளென்ஹைமின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 428 கிலோமீட்டர். ஜப்பானின் ஜீரோவோ 530ஐத் தாண்டியது. பிளென்ஹைமின் முதுகுக் கூண்டில் சிறு இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. ஜீரோவிடம் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டு. ஓட்டுநர், வழிகாட்டி, கம்பியில்லாத் தந்தியாளர் என மூவர் இதில் பறப்பர். குண்டைக் குறிபார்த்து வீசுவது வழிகாட்டியின் வேலை, துப்பாக்கியைப் பிடிப்பது தந்தியாளரின் வேலை.

ஐரோப்பாவில் இதன் விலை முன்னரே தெரிந்திருந்தது. போர் தொடங்கிய மறுநாள், 1939 செப்டம்பர் 4 அன்று, ஜெர்மானியக் கப்பல்களைத் தாக்கப் போன பிளென்ஹைம்களில் ஐந்து வீழ்ந்தன. 1940 மே 17 அன்று 82ஆம் படையணியின் பன்னிரண்டு விமானங்கள் பெல்ஜியத்தின் ஜெம்புளூ நோக்கிப் பறந்தன, ஒன்றே திரும்பியது. மீண்டும் ஆள் சேர்த்துக் கட்டியெழுப்பப்பட்ட அதே படையணி ஆகஸ்ட் 13 அன்று டென்மார்க்கின் ஆல்போர்க் விமானத்தளத்துக்கு அனுப்பப்பட்டது. பன்னிரண்டில் ஒன்று வழியிலேயே திரும்பிவிட, மற்றப் பதினொன்றும் வீழ்த்தப்பட்டன. இவ்வளவுக்குப் பிறகும் கிழக்கே அனுப்ப வேறு விமானம் கைவசம் இருக்கவில்லை.

பந்தயத் திடல்

சிங்கப்பூர் 1942 பெப்ரவரி 15 அன்று விழுந்தது. அடுத்தது இலங்கைதான் என்ற அச்சத்தில் படைகள் அவசரமாகக் குவிக்கப்பட்டன. கிரேக்கத்திலும் மத்திய கிழக்கிலும் போரிட்டிருந்த 11ஆம் படையணி மார்ச் மாதத்தில் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடலில் அமைக்கப்பட்ட ஓடுபாதை அதன் தளமாயிற்று. பந்தயம் பார்க்கக் கட்டப்பட்ட பார்வையாளர் மண்டபத்தின் முன்னால் குண்டுவீச்சு விமானங்கள் நின்றன. இப்படியொரு தளம் இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பை அவர்கள் தாக்கியபோது திடல் தப்பியதற்கு இதுவே காரணம். அன்று அங்கிருந்து எழுந்த 258ஆம் படையணியின் ஹரிக்கேன் போர் விமானங்களில் பாதிக்கு மேல் இழக்கப்பட்டன. பிளென்ஹைம்களும் அன்றே எதிரிக் கப்பல்களைத் தேடிப் போயின. அவற்றைக் காணாமல் குண்டுகளுடனேயே திரும்பின. டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரு போர்க்கப்பல்கள் அன்று பிற்பகல் ஜப்பானியரால் மூழ்கடிக்கப்பட்டு நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஏப்ரல் 9

நான்கு நாள் கழித்து நகுமோ மீண்டும் வந்தார். காலை ஏழரை மணியளவில் திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. அதற்குச் சற்று முன்னதாக, இரு இயந்திரம் பூட்டிய கடல்விமானமான கட்டலினா ஒன்று எதிரிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பத் தொடங்கியது. செய்தி முடியுமுன் அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்த அரைகுறைச் செய்தியை நம்பியே கொழும்பிலிருந்து பிளென்ஹைம்கள் புறப்பட்டன. துணைக்குப் போர் விமானம் எதுவும் செல்லவில்லை. அட்மிரல் சோமர்வில்லின் கிழக்குக் கடற்படை அப்போது இலங்கைக் கடலை விட்டு விலகியிருந்தது. நகுமோவைத் தேடித் தாக்குவதற்கு இந்தச் சில விமானங்களைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை.

பத்தரை மணியளவில் ஒன்பது விமானங்கள் கப்பற்படையைக் கண்டன. அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாக்கு, சுயிகாக்கு என ஐந்து விமானந்தாங்கிகளும் அவற்றைச் சூழ்ந்த காவற்கப்பல்களும் கீழே விரிந்திருந்தன. சுமார் 11,000 அடி, அதாவது ஏறத்தாழ 3,350 மீட்டர் உயரத்தில் பிளென்ஹைம்கள் வந்தன. ஜப்பானியக் கப்பல்களில் ராடார் இல்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஜீரோக்கள் அவற்றைப் பார்க்கவில்லை. ஹிர்யுவிலிருந்தோர் பார்த்தும் எச்சரிக்கை மற்றக் கப்பல்களுக்குப் போய்ச் சேரவில்லை. நகுமோவின் தலைமைக் கப்பலான அகாகியைச் சுற்றிக் கடல் பொங்கி எழுந்த பிறகே தாங்கள் தாக்கப்படுவதை அவர்கள் உணர்ந்தனர்.

குண்டுகள் ஏன் தவறின என்பதற்கு வீரர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக் கணக்கே போதும். 3,350 மீட்டரிலிருந்து விடப்பட்ட குண்டு, காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், கடலை அடைய 26 விநாடி ஆகும். 25 கடல்மைல் வேகத்தில் ஓடும் கப்பல் ஒரு விநாடியில் ஏறக்குறைய 13 மீட்டர் நகரும். 26 விநாடியில் அது 330 மீட்டருக்கும் அப்பால் போய்விடும். அகாகியின் நீளமோ 260 மீட்டர்தான். குறியைத் துல்லியமாகப் பார்த்தாலும், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே கப்பல் தன் நீளத்தைவிட அதிக தூரம் நகர்ந்துவிடுகிறது. இடையில் அது திரும்பவும் செய்யலாம். ஆகவே சமதளமாகப் பறந்து குண்டு வீசுவோர் பெருங்கூட்டமாக வந்து கடலையே குண்டால் மூட வேண்டும். ஒன்பது விமானங்களால் அது ஆகாத காரியம்.

ஏறத்தாழ அதே வேளையில் தென்மேற்கே ஹெர்மிஸுக்கு நேர்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். விமானம் ஒன்றுகூட ஏற்றியிராத அந்த ஒற்றை விமானந்தாங்கியைத் தாக்க எண்பதுக்கும் மேற்பட்ட ஜப்பானியச் செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள் அனுப்பப்பட்டன. அவை செங்குத்தாக இறங்கி, அருகில் வந்து குண்டை விட்டன. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 307 பேர் இறந்தனர். மருத்துவமனைக் கப்பல் வீட்டா அறுநூறு பேர்வரை மீட்டது.

திரும்பும் வழி

குண்டு வீசியதும் ஜீரோக்கள் பிளென்ஹைம்களைச் சூழ்ந்தன. நான்கு விமானங்கள் கப்பற்படைக்கு அருகிலேயே விழுந்தன. துப்பாக்கியாளர்கள் சும்மா இருக்கவில்லை, ஜீரோக்களும் விழுந்தன. எஞ்சிய ஐந்தும் கரையை நோக்கிப் பறக்கையில், ஹெர்மிஸை மூழ்கடித்துவிட்டுத் தங்கள் கப்பல்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஜப்பானிய விமானங்கள் எதிர்ப்பட்டன. அங்கே ஐந்தாவது பிளென்ஹைம் வீழ்ந்தது. நான்கு மட்டும் சேதத்தோடு பந்தயத் திடலில் வந்து இறங்கின. போனவர்களில் பாதிக்கு மேல் இல்லை என்பதை அன்று மாலை உணவு மேசையில் உட்கார்ந்தவர்கள் எண்ணிப் பார்க்காமலே அறிந்திருப்பார்கள்.

இத்தாக்குதலை வீண் பலி என்று தள்ளிவிடுவது எளிது. அவர்களை அனுப்பிய தளபதிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும், அந்த ஒன்பது விமானங்களும் ஒரு பெரும் ஓட்டையை வெளிப்படுத்தின என்பதையும் மறக்கக்கூடாது. உலகின் மிக வலிய விமானந்தாங்கிப் படையின் தலைக்கு மேல் பகல் வெளிச்சத்தில் எவரும் காணாமல் போய் நிற்க முடிந்தது. ராடார் இன்மை, காவல் விமானங்களின் கவனக்குறைவு, கப்பல்களுக்கிடையே எச்சரிக்கை போகாமை ஆகிய மூன்றும் அன்று தெரிந்தன. ஜப்பானியர் சேதமின்றித் தப்பியதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1942 ஜூன் 4 அன்று மிட்வே தீவுக்கு அருகே அமெரிக்கச் செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள் அதேபோல உயரத்தில், அதேபோலக் காணப்படாமல் வந்து சேர்ந்தன. அகாகியும் சோர்யுவும் ககாவும் சில நிமிடங்களில் தீப்பற்றின. அன்று மாலை ஹிர்யுவும் தாக்கப்பட்டு எரிந்தது. ஏப்ரல் 9 அன்று பிளென்ஹைம்களின் கீழே கிடந்த ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று இவ்வாறு அழிந்தன.

பின்னர்

11ஆம் படையணி பின்பு பர்மாப் போர்முனைக்கு மாற்றப்பட்டு, 1943இல் பிளென்ஹைம்களைக் கைவிட்டு ஹரிக்கேன்களைப் பெற்றது. கொழும்புப் பந்தயத் திடலில் போருக்குப் பின் மீண்டும் குதிரைகள் ஓடின. இன்று அங்கே விளையாட்டுத் திடலும் கடைகளும் உள்ளன. பழைய பார்வையாளர் மண்டபம் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. தென், கிழக்கு ஆசியக் களங்களில் கல்லறையின்றி மறைந்த பொதுநலவாய வான்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவகத் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இலங்கைக் கடலில் விழுந்து உடல் கிடைக்காத விமானிகளுக்கும் அதுவே நினைவிடம்.