வைரம் யாருக்குச் சொந்தம்?

ஆப்பிரிக்கத் தலைவர்கள் – தொடர்

1967-ம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே, கலஹாரிப் பாலைவனத்தை மடியில் கட்டிக்கொண்டு கிடந்த போட்ஸ்வானாவில், ஒராபா என்ற இடத்தில் டி பியர்ஸ் நிறுவனத்தின் நிலவியலாளர்கள் வைரப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். நாடு சுதந்திரம் பெற்று ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒராபா இருந்தது பாமங்வாட்டோ இனத்தாரின் நிலத்தில். அந்த இனத்தின் அரச வாரிசு செரெட்சே காமா. நாட்டின் குடியரசுத் தலைவரும் அவரேதான். அதுவரை இருந்த ஏற்பாட்டின்படி, மண்ணுக்கு அடியில் இருப்பது அந்தந்த இனத்துக்கே சொந்தம். அப்படியே விட்டிருந்தால் ஒராபாவின் செல்வம் காமாவின் சொந்த மக்களுக்குப் போயிருக்கும். ஆனால் அதே ஆண்டில் அவருடைய அரசு சுரங்கச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கனிம உரிமை இனங்களிடமிருந்து நாட்டின் கைக்குப் போனது.

இந்தச் சட்டத்தின் அருமை புரிய, காங்கோவை நினைத்துப் பார்க்க வேண்டும். 1960-ல் அந்த நாடு சுதந்திரம் பெற்ற இரண்டே வாரத்துக்குள், செம்பு கொழிக்கும் கட்டங்கா மாகாணம் தனி நாடு என்று அறிவித்துப் பிரிந்தது. தொடர்ந்து வந்தது ரத்தக்களறி. போட்ஸ்வானாவில் அப்படி ஒரு கட்டங்கா உருவாகவில்லை.

பறிபோன பட்டம்

காமா பிறந்தது 1921-ல், செரோவே என்ற ஊரில். நான்கு வயதில் தந்தை இறந்துவிட, சிற்றப்பா செகெடி பொறுப்பாளராக இருந்து இனத்தை ஆண்டார். பையன் ஆக்ஸ்போர்டு வரை போய்ப் படித்தான். லண்டனில் சட்டம் படிக்கும்போது, ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை 1948-ல் திருமணம் செய்துகொண்டான். சிற்றப்பா கொதித்துப்போனார்.

வழக்கு கொட்லாவுக்கு வந்தது. கொட்லா என்பது மரக்கழிகளை அரைவட்டமாக நட்டு அமைத்த ஊர்ச்சபை. தலைவரின் முகத்துக்கு நேராகவே அவரைக் குறை சொல்லலாம். தலைவர் எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் வாய் திறப்பார். முதலில் கூடிய சபையில் பெரும்பாலோர் திருமணத்தை எதிர்த்தார்கள். காமா கோபித்துக்கொண்டு லண்டனுக்கே போய்விடவில்லை. மீண்டும் வந்தார், மீண்டும் பேசினார். 1949 ஜூனில் மூன்றாவது முறை சபை கூடியபோது ஆயிரக்கணக்கானோர் அவர் பக்கம் எழுந்து நின்றார்கள். சிற்றப்பாவின் பக்கம் மிஞ்சியது ஒரு சிறு கூட்டம்தான்.

சொந்த மக்கள் ஏற்றுக்கொண்ட திருமணத்தை பிரிட்டன் ஏற்கவில்லை. பக்கத்திலேயே தென்னாப்பிரிக்கா. அங்கே 1948-ல் ஆட்சிக்கு வந்திருந்த நிறவெறி அரசுக்கு, எல்லைக்கு அப்பால் வெள்ளைக்கார மனைவியோடு ஒரு கறுப்பினத் தலைவர் அமர்வதைச் சகிக்க முடியவில்லை. அந்த அரசைப் பகைத்துக்கொள்ள பிரிட்டன் தயாராக இல்லை. பேச்சுவார்த்தை என்று சொல்லி 1950-ல் காமாவை லண்டனுக்கு வரவழைத்து, ஊர் திரும்பத் தடை போட்டார்கள். 1956-ல், தலைமைப் பட்டத்தைத் துறந்த பிறகே சாதாரணக் குடிமகனாக அவரால் ஊர் திரும்ப முடிந்தது.

பட்டம் இல்லாமல் மக்கள் முன் நிற்கக் கற்றுக்கொண்டவர், 1962-ல் க்வெட் மசிரே போன்றவர்களுடன் சேர்ந்து ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 1965 தேர்தலில் 31 இடங்களில் 28-ஐ வென்றார்கள்.

12 கிலோமீட்டர் தார்ச்சாலை

1966 செப்டம்பர் 30 அன்று அவர்கள் கைக்கு வந்த நாட்டில் இருந்தது வெறும் 12 கிலோமீட்டர் தார்ச்சாலை. பட்டதாரிகள் 22 பேர். பிரிட்டிஷ் ஆட்சி இந்த நாட்டை நிர்வகித்ததே எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்க ஊரான மாஃபெகிங்கில் உட்கார்ந்துகொண்டு! அதனால் கபோரோனேயில் ஒரு தலைநகரை அவசரமாகக் கட்ட வேண்டியிருந்தது. போதாக்குறைக்குக் கடும் பஞ்சம். மாடுதான் இவர்களுக்குச் சொத்து. அந்த மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

காமாவும் நிதியமைச்சராகவும் துணைத் தலைவராகவும் இருந்த மசிரேயும் வீராப்புக் காட்டவில்லை. படித்த ஆட்கள் தயாராகும் வரை, அரசு வேலையிலிருந்த வெளிநாட்டு அதிகாரிகளை அவசரப்பட்டு அனுப்பவில்லை. இதற்காகக் கட்சிக்குள்ளும் வெளியிலும் திட்டு வாங்கினார்கள். நிதியையும் வளர்ச்சித் திட்டத்தையும் ஒரே அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்து, திட்டத்தில் இடம்பெறாத எதற்கும் பணம் கிடையாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். வைரச் சுரங்கத்தில் அரசின் பங்கு ஆரம்பத்தில் 15 சதவீதம்தான். களைத்துப்போகாமல் திரும்பத் திரும்பப் பேரம் பேசி, 1975-க்குள் அதை 50 சதவீதமாக உயர்த்தினார்கள்.

பணம் வந்த பிறகும் மக்களிடம் கேட்கும் வழக்கம் போகவில்லை. லெசோத்தோ, சுவாஸிலாந்து நாடுகளுடன் சேர்ந்து நடத்திய பல்கலைக்கழகம் 1975-ல் உடைந்தது. சொந்தமாக ஒன்றைக் கட்ட, 'ஆளுக்கு ஒரு மாடு' என்று அறைகூவல் விடுத்தார் காமா. மாடு கொடுக்க முடியாதவர்கள் தானியம் கொடுத்தார்கள், காசு கொடுத்தார்கள். இன்றைய போட்ஸ்வானா பல்கலைக்கழகத்துக்கு அப்படித்தான் அடித்தளம் விழுந்தது.

தோற்ற துணைத் தலைவர்

இத்தனைக்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1968-ல் வந்த நிலச் சட்டம், நிலம் ஒதுக்கும் அதிகாரத்தை இனத் தலைவர்களிடமிருந்து எடுத்து நில வாரியங்களுக்குக் கொடுத்தது. பாங்வாகெட்சே இனத்தின் தலைவர் இரண்டாம் பாத்தோன், இதையெல்லாம் பொறுக்க முடியாமல் 1969-ல் பதவியைத் துறந்தார். எதிர்க்கட்சியில் சேர்ந்து தேர்தலில் நின்று, மசிரேயையே தோற்கடித்தார்.

இந்தியாவில் ராஜாக்கள் தேர்தலில் ஜெயித்தது நமக்குத் தெரிந்த கதை. அன்றைய ஆப்பிரிக்காவில் ஆளுங்கட்சியின் இரண்டாவது பெரிய தலைவர் ஒருவர் வாக்குச்சீட்டில் தோற்பது அபூர்வம். வாக்குப்பெட்டி மாறவில்லை. பாத்தோன் சிறைக்குப் போகவில்லை, நாடாளுமன்றத்துக்குப் போனார். அரசமைப்பில் இருந்த சிறப்பு உறுப்பினர் முறை வழியாகவே மசிரே சபைக்குத் திரும்பினார். அக்கம்பக்கத்து நாடுகள் ஒரே கட்சி ஆட்சிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. காமா மாறவில்லை.

1980-ல் காமா காலமானார். துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் பதவி மசிரேக்கு வந்தது. 1998-ல் மசிரே தானாகவே விலகி ஃபெஸ்டஸ் மொகாயேவுக்கு வழிவிட்டார். இடைப்பட்ட காலத்தில், உலகிலேயே மிக வேகமாக வளர்ந்த பொருளாதாரங்களில் ஒன்றாக போட்ஸ்வானா ஆகியிருந்தது.

கறைகளும் உண்டு. ஏழைக்கும் பணக்காரனுக்குமான இடைவெளி அங்கே மிக அதிகம். கலஹாரியின் ஆதிகுடிகளான சான் மக்களை அரசு அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றியது. அது தவறு என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. வைரத்தையே நம்பிய பொருளாதாரம், வைர விற்பனை சரியும்போதெல்லாம் தள்ளாடுகிறது. ஒரே கட்சி 58 வருடம் ஜெயித்துக்கொண்டே இருந்ததால், இது உண்மையான ஜனநாயகம்தானா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

சந்தேகத்துக்குப் பதில் 2024 அக்டோபர் தேர்தலில் கிடைத்தது. காமா தொடங்கிய கட்சி வெறும் நான்கு இடங்களுக்குச் சரிந்தது. அவருடைய மகனும் முன்னாள் குடியரசுத் தலைவருமான இயன் காமாவே, அந்தக் கட்சியை எதிர்த்துப் பிரச்சாரம் செய்தார். எண்ணிக்கை முழுதாக முடியும் முன்பே குடியரசுத் தலைவர் மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டார். எதிரணியின் டூமா போக்கோ பதவியேற்றார். நல்ல தலைவர் வைத்த விதி ஒருநாள் அவர் கட்சியையே வீட்டுக்கு அனுப்பும். அனுப்பும்போதும் அது விதியாகவே நிற்க வேண்டும். காமா விட்டுப்போன சொத்துகளில் பெரியது அதுதான்.

அடுத்த வாரம் தான்சானியா. பொருளாதாரத்தில் தோற்று, அந்தத் தோல்வியைத் தானே ஒப்புக்கொண்டு, பதவியையும் விட்டு இறங்கிய ஒரு பள்ளி ஆசிரியரைச் சந்திப்போம்.

(தொடரும்)